தடிமனோடு மைதானத்துக்குப் போகலாமா? உங்களுக்குத் தெரியுமா?

கரவனெல்லப் பக்கம் மழை இல்லாத மாதத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கும். அது ஓய்ந்து துணி காய்வதற்குள் ஒக்டோபர் இடிமழை வந்துவிடும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் வீதியில், யட்டியாந்தோட்டைக்கு முன்னால் இருக்கும் இந்த ஊரில், சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் யாராவது ஒருவர் தும்மாத லயம் கிடையாது. அதனால் ஒரே கேள்வி எல்லா வாயிலிருந்தும் வருகிறது. பின்னேரம் கரப்பந்து விளையாடும் பையன் கேட்கிறான். சீனி வியாதிக்காகக் காலையில் நடக்கும் ஐயா கேட்கிறார். விடியுமுன் பால்வெட்டப் போகிற அக்காவும் கேட்கிறார். "தடிமனா இருக்கு. இன்னைக்குப் போகலாமா, வேணாமா?"

இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

கழுத்தில் கோடு போடுங்கள்

1993இல் ரேண்டி ஐக்னர் என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவர் ஓர் எளிய கணக்குச் சொன்னார். உங்கள் கழுத்தில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு ஒழுகல், மூக்கடைப்பு, தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு எல்லாம் கோட்டுக்கு மேலே. நெஞ்சுச் சளி, விடாத இருமல், உடம்பு உளைச்சல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் கோட்டுக்குக் கீழே.

மேலே மட்டும் இருந்தால், வழக்கமான வேகத்தில் பாதியில் 10 நிமிடம் செய்து பாருங்கள். தலை தெளிந்து, மூக்குத் திறந்து, உடம்பு இலகுவானால் தொடரலாம். தலை பாரமாகி, அடி எடுத்து வைக்கக் கஷ்டமாக இருந்தால் திரும்பிவிடுங்கள். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு குறி இருந்தாலும் அன்று சப்பாத்தைத் தொட வேண்டாம்.

ஏன் மூக்கோடு நிற்கிறது?

தடிமனுக்கு அதிகமாகக் காரணமாவது ரைனோ வைரஸ். இதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தாலும் அடுத்தது காத்திருக்கும். வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தடிமன் பிடிப்பது அதனால்தான். இந்த வைரஸ் 37 பாகைச் சூட்டைவிட 33 பாகையில் நன்றாகப் பெருகும். உள்ளே இழுக்கும் காற்றால் குளிர்ந்திருக்கும் நம் மூக்கின் உள்பகுதி ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அதனால் பெரும்பாலானோருக்கு அது மூக்கிலேயே தங்கி, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடுகிறது.

வேண்டுமென்றே தடிமன் பிடிக்க வைத்தார்கள்

1990களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் போல் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் வைட்னர் 50 இளைஞர்களின் மூக்கில் ரைனோ வைரஸை விட்டார். 34 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் மிதமாக உடற்பயிற்சி செய்தார்கள். 16 பேர் சும்மா இருந்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் தடிமன் ஒரே அளவில்தான் இருந்தது, ஒரே காலத்தில்தான் போனது. அதாவது மிதமான பயிற்சி தடிமனை விரட்டவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. "வேர்க்க விளையாடினா சளி ஓடிப்போகும்" என்று நம் பையன்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. மூக்கு கொஞ்ச நேரம் திறக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சோதனை சாதாரணத் தடிமனில், நல்ல ஆரோக்கியமான இளைஞர்களிடம், மிதமான பயிற்சியோடு நடந்தது. காய்ச்சல்காரருக்கு அதை எடுத்துப் பொருத்தக் கூடாது.

காய்ச்சல் என்றால் பேச்சே இல்லை

உடம்புச் சூடு ஒரு பாகை ஏறினால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 துடிப்புக் கூடுதலாக அடிக்கிறது. படுத்திருக்கும்போதே இதயம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் மேல் ஒரு ஓட்டத்தையும் ஏற்றினால்?

சுவீடனில் காட்டுக்குள் வரைபடத்தைப் பார்த்து ஓடும் ஒரு விளையாட்டு உண்டு. 1979க்கும் 1992க்கும் இடையில் அந்த விளையாட்டில் இருந்த 16 இளையவர்கள் திடீரென இறந்துபோனார்கள். சிலருடைய இதயத் தசையில் அழற்சி இருந்தது தெரியவந்தது. அதன்பின் அங்கே போட்டிகளை அரை ஆண்டு நிறுத்திவைத்து, தொற்றோடு யாரும் பயிற்சி செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். வைரஸ் இதயத் தசையில் இறங்குவது அரிதுதான். ஆனால் இறங்கியிருக்கும்போது ஓடினால், அரிதான அந்த ஒன்று உயிரோடு விளையாடிவிடும். 1970இல் கொக்ஸாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவிட்டுப் பார்த்தபோது, நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது.

நாலாம் நாள்தான் ஆபத்து

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். நம் பகுதியில் காய்ச்சல் என்றால் அது வெறும் சளிக்காய்ச்சல் என்று யாரும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. 2017இல் இலங்கை முழுவதிலும் 1,86,101 டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். இந்நாட்டின் மிகப் பெரிய டெங்கு ஆண்டு அது. இறப்பர் மரத்தில் கட்டிய பால் சிரட்டையில் மழைத்தண்ணீர் நின்றால் நுளம்புக்கு அதுவே தொட்டில்.

டெங்குவில் முதல் மூன்று நாள் காய்ச்சல் கொதிக்கும். பிறகு சூடு இறங்கும். பையன் எழுந்து உட்கார்வான், "எனக்குச் சரியாயிருச்சு" என்பான், மைதானத்தைப் பார்ப்பான். அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் அந்தக் கசிவு இருக்கலாம். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தம், இவற்றில் எது கண்டாலும் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் விட்டதை நம்பிப் பந்தடிக்கப் போகிற பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டினால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வலி தாங்கவில்லை என்று பார்மசியில் இபுபுரூபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் வாங்கிப் போடவே கூடாது, அவை இரத்தக் கசிவை மோசமாக்கும். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

கெண்டைக்கால் வலித்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

எங்கள் லயத்து அக்கா ஒருவர். பால்வெட்டுக்காரி. தொடர்ந்து மழை பெய்ததால் ஆறேழு நாள் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. மழை விட்ட முதல் விடியலில், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். குரல் அடைத்திருந்தது.

"காய்ச்சலாக்கா?"

"இல்ல தம்பி, தடிமன்தான். ராத்திரி ரெண்டு பனடோல் போட்டேன். காலுதான் கொஞ்சம் வலிக்குது. சும்மா கிடந்துட்டு நேத்து வெறகுக்கு மேல ஏறுனேன்ல, அதான்."

தேர்மோமீட்டரைக் கையிடுக்கில் வைத்துப் பார்த்தேன். 38.6. கண்ணின் வெள்ளை செம்பருத்தி இதழ் மாதிரி சிவந்திருந்தது. பீளை இல்லை. கெண்டைக்காலை இரு விரலால் இலேசாக அழுத்தியதும் "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டார். அன்று அவர் மலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார். எலிக்காய்ச்சல். ஊசி மருந்து ஏற்றினார்கள், குணமாகித் திரும்பினார்.

எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் இருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக இந்தக் கிருமி ஏறும். சேற்றில் கால் வைத்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் பெரும்பாலும் காய்ச்சல் வரும், அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்கள். ஓடுகிறவருக்கும் மலை ஏறுகிறவருக்கும் கெண்டைக்கால் வலி புதிதல்ல, அதனால் ஏமாந்துபோகிறோம். பயிற்சி வலிக்கு உடம்பு சுடாது, கண் சிவக்காது. சுட்டால், சிவந்தால், சிறுநீர் குறைந்தால், அது பயிற்சி வலி இல்லை. ஆஸ்பத்திரியில் "சேற்றில் இறங்கினேன்" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை டொக்டருக்குப் பெரிய உதவி.

சேற்று வேலை இருக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வேலையே உடற்பயிற்சி என்றால்?

தடிமனையும் உடற்பயிற்சியையும் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம், விரும்பினால் நிறுத்திக்கொள்ளக் கூடியவருக்கே எழுதுகிறார்கள். ஒரு காலையில் ஏறக்குறைய 300 மரம், சரிவில் ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் குனிந்து நிமிர்ந்து, பிறகு வாளியில் பாலைச் சுமந்து வருகிறவருக்கு அது பயிற்சி இல்லையா? மைதானத்தில் பந்தடிப்பதைவிடக் கடுமையான பயிற்சி. கழுத்துக் கோடு அவருக்கும் அப்படியே பொருந்தும். மூக்கு மட்டும் ஒழுகினால் மெதுவாக வேலை செய்யலாம். உடம்பு சுட்டால் இல்லை.

ஒரு நாள் பேர் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு வீட்டில் எவ்வளவு கனக்கும் என்பதும் தெரியும். ஆனால் காய்ச்சலோடு இரண்டு நாள் வேலை செய்து, பிறகு பத்து நாள் வார்டில் கிடந்தால் போகிற பேர் இன்னும் அதிகம். பெரட்டில் நிற்கும் கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் இதை மனதில் வையுங்கள். உடம்பு சுடுகிறவரைத் திருப்பி அனுப்புவது தோட்டத்துக்கு நட்டமில்லை.

குளிசை போட்டுவிட்டுக் கத்தியைப் பிடிக்காதீர்கள்

மூக்கு ஒழுகினால் நாம் எல்லாரும் கேட்பது பிரிட்டன் குளிசை. அதில் இருப்பது குளோர்பெனிரமின். மூக்கை உலர்த்தும், கூடவே தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், வழுக்கும் சரிவில் வெட்டுக்கத்தியோடு நடப்பதும் வேண்டாம்.

சில சளி மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், நம் கேகாலை மாவட்டத்துப் பெண் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் வெண்கலம் வென்றது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் அது வெள்ளியாக உயர்ந்தது. அதே சிட்னியில் ருமேனியாவின் ஜிம்னாஸ்டிக் பெண் அன்ட்ரியா ரெடுகானிடமிருந்து தங்கப் பதக்கத்தைப் பறித்தார்கள். காரணம், அணியின் டொக்டர் தடிமனுக்குக் கொடுத்த ஒரு மாத்திரை. அதில் இருந்தது சூடோஎபெட்ரின். மாவட்டப் போட்டிக்கும் மாகாணப் போட்டிக்கும் போகிற பிள்ளைகளே, பார்மசியில் வாங்குவதற்கு முன் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

அமொக்சிலின் கேட்டு அடம்பிடிப்பதும் வீண். தடிமன் வைரஸை எந்த அன்டிபயோட்டிக்கும் தொடாது.

கொத்தமல்லித் தண்ணி

கொத்தமல்லியை வறுத்து, இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தால் அந்த வாசனையே பாதி ஆறுதல். சிங்கள அயலவர் "பஸ்பங்குவ" என்பார்கள், ஐந்து பங்கு என்று அர்த்தம். கொத்தமல்லி, இஞ்சி, வெனிவெல் என்கிற மரமஞ்சள், கண்டங்கத்தரி, பற்படாகம். கடையில் கட்டாகவே கிடைக்கும். சூடான நீர் உள்ளே போவது தொண்டைக்கு இதம், வேர்த்த உடம்புக்கும் தேவை. இது வைரஸைக் கொல்லும் மருந்து என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். குடித்துவிட்டு ஓய்வெடுங்கள், குடித்துவிட்டு ஓடாதீர்கள்.

கால் நனைந்தால் தடிமன் வருமா?

"ஈரக் காலோட நிக்காத" என்று அம்மாமார் சொன்னதை நாம் சிரித்துத் தள்ளினோம். 2005இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் வைத்தார்கள். இன்னும் 90 பேர் வெறும் பாத்திரத்தில் காலை வைத்திருந்தார்கள். நாலைந்து நாளில் தடிமன் வந்ததாகச் சொன்னவர்கள் முதல் தரப்பில் 13, இரண்டாம் தரப்பில் 5. குளிர் வைரஸை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே மூக்கில் பதுங்கியிருப்பதற்கு இடம் கொடுத்துவிடலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மழையில் விளையாடினால் பரவாயில்லை, நனைந்த உடையோடு பஸ்ஸில் வீடுவரை வராதீர்கள். பையில் ஒரு காய்ந்த சேட்டும் துவாயும் போதும்.

சின்னச் சின்னதாய்ச் சில

அமெரிக்காவில் 1,002 பேரை 12 வாரம் கவனித்ததில், வாரம் ஐந்து நாளுக்குக் குறையாமல் பயிற்சி செய்தவர்கள் தடிமனோடு கழித்த நாள்கள், அசையாமல் இருந்தவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. அளவு மீறினாலோ கதை மாறும். 1987 லொஸ் ஏஞ்சலிஸ் மரதன் ஓடியவர்களில் அடுத்த வாரமே 12.9 விழுக்காட்டினருக்குத் தொற்று. ஆயத்தமாகியும் ஓடாமல் விட்டவர்களில் 2.2 விழுக்காடுதான்.

6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணிக்கு மேல் தூங்கியவர்களைவிட 4.2 மடங்கு எளிதாகத் தடிமன் பிடித்தது, 2015இல் 164 பேரிடம் செய்த சோதனையில்.

விற்றமின் சி சாதாரண மனிதருக்குத் தடிமனைத் தடுப்பதாகத் தெரியவில்லை. மரதன் ஓடுவோர், கடுங்குளிரில் பயிற்சி செய்த படையினர் போன்றோரிடம் மட்டும் தடிமன் பிடிப்பது பாதியாகக் குறைந்தது. நெல்லிக்காயும் கொய்யாவும் வாசலிலேயே காய்க்கும்போது குளிசை எதற்கு?

இழுப்பு உள்ளவர்கள் மூக்குத் தடிமனையும் இலேசாக எடுக்க வேண்டாம். பம்ப் கையில் இல்லாமல் மைதானத்துக்குப் போகாதீர்கள். சீனி வியாதிக்காரருக்குத் தொற்று வந்தால் சீனி ஏறும், நடப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளில்தான் தடிமன் அதிகமாகத் தொற்றும். ஒரே தண்ணீர்ப் போத்தல் அணி முழுக்கச் சுற்றினால் ஆறு பேருக்கும் தடிமன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறேழு பேர் படுக்கும் லயத்தில் அது மறுநாளே அடுத்த காம்பிராவுக்குப் போய்விடும்.

காய்ச்சல் விட்ட உடம்புக்குப் பருப்பு

1934இல் மழை பொய்த்து, ஓடுகிற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியா நுளம்பு பெருகியது. 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கேகாலை மாவட்டம் முன்னால் இருந்தது, ஏனென்றால் மழை ஊரான இங்கே மலேரியா பழக்கமில்லை, உடம்பில் எதிர்ப்பும் இல்லை. அப்போது இந்தப் பக்கம் நிவாரணத்துக்கு வந்த இளைஞர்கள் மருந்தோடு உணவும் கொடுத்தார்கள். காய்ச்சல் தின்றுபோட்ட உடம்பு குவினைனால் மட்டும் எழாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா வீடு வீடாகப் பருப்புக் கொடுத்ததால் "பருப்பு மாத்தயா" என்றே அழைக்கப்பட்டார். 1936இல் றுவன்வெல்லத் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பருப்பின் பாடம் இன்றைக்கும் அதேதான். காய்ச்சல் விட்ட மறுநாள் உடம்புக்கு வேண்டியது சோறு, பருப்பு, முட்டை, தூக்கம். ஓட்டம் இல்லை.

எப்போது திரும்பலாம்?

பனடோல் போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அதன்பின் முதல் நாள் நடை மட்டும். அடுத்த நாள் பாதி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ நிறுத்திவிட்டு டொக்டரைப் பாருங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழும்புமுன் மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிடப் பத்துக் கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் சண்டையில்தான் இருக்கிறது, அன்றும் ஓய்வு. டெங்கு, எலிக்காய்ச்சல் வந்தவர்கள் டொக்டர் சொன்ன பிறகுதான் மைதானத்துக்கோ மலைக்கோ போக வேண்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "காய்ச்சலா இருக்கு சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைச் சாட்டு என்று எண்ணாதீர்கள். நெற்றியில் கை வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பதிலாக ஓட இன்னொரு பிள்ளை கிடைக்கும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேர்மோமீட்டர் வாங்கி வையுங்கள். பனடோல் போடுவதற்கு முன் பாருங்கள், பின் அல்ல. 38 பாகை, பழைய கணக்கில் 100.4, காட்டினால் அன்று பயிற்சியும் இல்லை, வேலையும் இல்லை. மூன்றாம் நாளும் காட்டினால் கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்சுக்குக் காசு இல்லை.